வீடு தேடிப் போன நர்சுங்க: நூறு வருஷம் முந்தி நியூயார்க்ல குழந்தைங்களைக் காப்பாத்துன கதை

வைகைக்கரையான்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் என் பொண்ணு (மூணாவது படிக்கிறா) கண்ணு செவசெவன்னு ஸ்கூல்லருந்து வந்தா. மெட்ராஸ் ஐ. டைரில ஒரு வரி, சரியாகுற வரைக்கும் அனுப்ப வேணாம்னு. அதைத் தப்பு சொல்லல, மத்த புள்ளைங்களுக்கு ஒட்டக்கூடாதுல்ல. ஆனா சாயங்காலம் எட்டிப் பாக்குறேன், அதே கிளாஸ் புள்ளைங்களோட தெருவுல பாண்டி ஆடிட்டு இருக்கா, கண்ணைக் கசக்கிட்டே கல்லைத் தூக்கிப் போடுறா. உள்ள இழுத்துட்டு வந்து சொட்டு மருந்து விட்டதுக்கப்புறம் இதே யோசனையாவே இருந்துச்சு. அந்தக் காலத்துல இதெல்லாம் எப்படிச் சமாளிச்சாங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன், மூணு நாளா தூக்கம் போச்சு.

1902 நியூயார்க். மன்ஹாட்டனோட கீழக் கோடில லோயர் ஈஸ்ட் சைடுன்னு ஒரு பகுதி, ரஷ்யா, போலந்து பக்கத்துல இருந்து வந்த யூதக் குடும்பங்க, இத்தாலில இருந்து வந்தவங்கன்னு நெருக்கியடிச்சு இருந்த இடம். 1897லயே ஸ்கூலுக்கு டாக்டர் வந்து புள்ளைங்களைப் பாக்குற வழக்கம் வந்துருச்சு. ஆனா அவர் வேலை என்னன்னா பாக்குறது, நோய் இருந்தா வீட்டுக்கு அனுப்புறது, அவ்ளோதான். மருந்து கிடையாது. கண்ணு நோய், தலைப்பேன், படர்தாமரை, சிரங்கு எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம், போ வீட்டுக்கு. 1902 செப்டம்பர் ஒரு மாசத்துல மட்டும் இப்படி வெளிய அனுப்பினது 10,567 பேர். கையில ஒரு சீட்டு குடுத்து விடுவாங்க, அதை அம்மாவால படிக்க முடியாது, டாக்டர்கிட்ட போகக் காசு கிடையாது, புள்ளை தெருவுல ஆடும், சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைங்களும் அதுகூட சேர்ந்து ஆடும். என் வீட்டு வாசல்ல நான் பாத்த அதே காட்சி.

அங்க ஹென்றி ஸ்ட்ரீட்ல லிலியன் வால்டுன்னு ஒரு நர்ஸ், ஏழைங்க மத்தியிலேயே வீடு எடுத்துத் தங்கி வேலை பாத்தவங்க. அவங்க அந்தப் பகுதிக்கு வந்த புதுசுல பாத்தது லூயிஸ்னு 12 வயசுப் பையன், அதுவரைக்கும் பள்ளிக்கூடம் பக்கமே உக்காந்ததில்ல, ஏன்னா தலையில புண்ணு, போறப்பல்லாம் டீச்சர் திருப்பி அனுப்பிடுறாங்க. தர்ம ஆஸ்பத்திரிக்குப் பல தடவை போயிருக்கான், களிம்பும் குடுத்திருக்காங்க, ஆனா அதை ஒழுங்காப் போட ஆளில்ல. களிம்பை ஒழுங்காத் தடவுனதும் புண்ணு ஆறிருச்சு, அந்த வருஷ செப்டம்பர்லயே பையனை ஸ்கூல்ல சேத்துக்கிட்டாங்க. இவ்ளோதான் விஷயம்! ஒரு களிம்பு தடவ ஆளில்லாம ஒரு பையனோட படிப்பே போயிருக்கு.

அதை மனசுல வச்சுக்கிட்டுதான் வால்டு நகராட்சிகிட்ட, எங்க நர்ஸ் ஒருத்தரை அனுப்புறேன், ஒரு மாசம் சோதிச்சுப் பாருங்கன்னு சொன்னது. அப்படி 1902 அக்டோபர்ல போனவங்க லினா ரோஜர்ஸ், கனடாக்காரங்க. நாலு ஸ்கூல். காலையில ஸ்கூல்லயே வச்சு புண்ணு கழுவி கட்டு போடுறது, மத்தியானத்துக்கு மேல வெளிய அனுப்பின புள்ளைங்க வீட்டுக்கே போய் அம்மாவுக்குக் காட்டிக் குடுக்குறது. மாசம் முடியறதுக்குள்ள பலன் தெரிஞ்சுபோச்சு, நகராட்சி சம்பளம் போட்டு இன்னும் நர்சுங்களை எடுத்தாங்க. அடுத்த வருஷம் செப்டம்பர்ல வெளிய அனுப்பினது 1,101 பேர். பத்துல ஒரு பங்கு!

இங்க டாக்டருங்க, நர்சுங்க எல்லாம் இருக்கீங்கன்னு தெரியும், தெரிஞ்சதை சொல்லுங்க.

டாக்டர்_இளவேனில்

நல்ல இழை சார். பொண்ணுக்கு இப்ப தேவலையா? துண்டு, தலகாணி தனியா வைங்க, அது போதும்.

அன்னைக்கு என்ன மருந்து இருந்துச்சுன்னு சொல்றேன், அப்பதான் அந்த நர்சுங்க செஞ்சது எவ்ளோ பெருசுன்னு புரியும். ஆன்டிபயாட்டிக் ஒண்ணுமே கிடையாது. பேனுக்கு மண்ணெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் கலந்து தலையில தேச்சுக் கட்டி, ஈரை எடுக்க வினிகர். (இப்ப யாரும் வீட்ல இதை செஞ்சுடாதீங்க, மண்ணெண்ணெய் தலையோட அடுப்புகிட்ட போனா என்னாகும்னு சொல்ல வேண்டியதில்ல.) சொறி சிரங்குக்கு கந்தகக் களிம்பு. படர்தாமரைக்கு அயோடின்.

ரொம்பக் கொடுமையானது டிராக்கோமா. இது மெட்ராஸ் ஐ மாதிரி ஒரு வாரத்துல போறது இல்ல. இமைக்கு உள்பக்கம் பொரிப்பொரியா வந்து, வருஷக்கணக்கா இருந்து, தழும்பாகி, இமை உள்பக்கமா மடங்கி, முடி கருவிழியை உரசி உரசிப் பார்வையே போயிடும். அமெரிக்காவுக்குக் குடியேற வர்றவங்களைச் சோதிச்ச நியூயார்க் எல்லிஸ் தீவுல, கப்பல்லருந்து இறங்குறவங்களை பட்டன் மாட்டுற கொக்கியால இமையைப் புரட்டிப் பாத்தது இதுக்குத்தான், இருந்தா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க. வைத்தியம் என்ன தெரியுமா, மயில்துத்தக் கட்டியை இமையோட உள்பக்கம் தேய்க்குறது. ஆமா, நம்ம துருசுதான். அந்த எரிச்சலை நினைச்சுப் பாருங்க, அதை ஒரு ஏழு வயசுப் புள்ளை ஒரு நாள் இல்ல, மாசக்கணக்குல தாங்கணும். நம்ம நாட்டுல டிராக்கோமா பொது சுகாதாரப் பிரச்சனையா இல்லாம ஒழிஞ்சதுன்னு உலக சுகாதார நிறுவனம் சான்று குடுத்ததே 2024லதான்.

அதனால "களிம்பு தடவ ஆளில்ல"ன்னு நீங்க சொன்னது முழு உண்மை. மருந்தோட பலத்துல குணமாகல, விடாம தினமும் ஒரு கை தடவுனதாலதான் குணமாச்சு.

ஜெர்சி_மீனா

நான் இங்க நியூஜெர்சில இருக்கேன், அந்த ஏரியாவுக்கு ரெண்டு தடவை போயிருக்கேன். ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட் 97ம் நம்பர் கட்டடத்தை மியூசியமா வச்சிருக்காங்க, 1863ல கட்டுனது. உள்ள போனா மூச்சு முட்டுது. ஒரு வீடுன்னா மூணு ரூம், தெருவைப் பாத்த ரூமுக்கு மட்டும்தான் ஜன்னல். நடுவுல சமையல் ரூம், அதுக்குப் பின்னாடி படுக்கிற ரூம், அதுக்கு வெளிச்சமே கிடையாது. அப்புறம் சட்டம் போட்டு வெளிச்சம் வரணும்னு சொன்னதும், ரூமுக்கும் ரூமுக்கும் நடுவுல இருக்கிற சுவத்துல ஜன்னல் வெட்டிருக்காங்க! வீட்டுக்குள்ளேயே ஜன்னல், ஒரு ரூம்லருந்து இன்னொரு ரூமைப் பாக்க. நான் அந்தப் படுக்கிற ரூம்ல நின்னு பாத்தேன், பகல் பன்னெண்டு மணி, கை ரேகை தெரியல.

இதுல ஜூலை மாச வெக்கைய நினைச்சுக்கோங்க. இங்க வெக்கைன்னா நம்ம ஊர் மாதிரி காஞ்ச வெயில் இல்ல, புழுக்கம். நிலக்கரி அடுப்பு வேற எரியும், ஏன்னா துணி தைக்கிற வேலை வீட்லயே, இஸ்திரிப் பெட்டி சூடு பண்ணணும். அதுக்கு நடுவுல கைக்குழந்தை.

டீச்சர்_கௌசல்யா

மீனா சொன்னதுல இருந்து தொடர்றனுங்க. அந்த வெக்கைலதான் சாவே. சாரா ஜோசபின் பேக்கர்னு ஒரு டாக்டரம்மா, நான் என்ற ஸ்கூல் பொண்ணுங்களுக்கு அடிக்கடி சொல்ற பேருங்க.

1873ல பிறந்தவங்க. 16 வயசுல அப்பா டைபாய்டுல போயிட்டாரு, ஆத்துத் தண்ணில வந்த நோய். நல்ல காலேஜ்ல சேரப்போறாங்கன்னு இருந்ததை விட்டுப்போட்டு, குடும்பத்தைக் காப்பாத்தணும்னு டாக்டருக்குப் படிச்சாங்க, 1898ல முடிச்சாங்க. பொம்பளை டாக்டருகிட்ட யாருங்க வருவாங்க அப்போ? அதனால 1901ல நகராட்சி சுகாதாரத் துறைல பரீட்சை எழுதி மாசம் 30 டாலருக்கு இன்ஸ்பெக்டர் வேலை. அடுத்த கோடைல ஹெல்ஸ் கிச்சன்ங்கிற பகுதில மாடி மாடியா ஏறி இறங்கி நோவு கண்ட குழந்தைங்களைத் தேடுற வேலை. கோடைல வாரத்துக்கு 1,500 குழந்தைங்க வயித்துப்போக்குல செத்துச்சுன்னு அவங்களே தன்வரலாறுல எழுதியிருக்காங்க. வாரத்துக்குங்க! தான் போய்ச் சேர்றப்ப பாதிக் குழந்தைங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியாத கட்டமா இருக்குதுன்னு அந்தம்மா கண்ணால பாத்தாங்க. அங்கதான் அவங்களுக்குப் பொறி தட்டுனது, நோவு வந்தப்புறம் போகறது வீண், நோவே வராத குழந்தைய, பிறந்த அடுத்த நாளே போய்ப் பாக்கணும்னு.

1908 கோடைல அதைச் செஞ்சு காட்டினாங்க. ஸ்கூல் லீவு விட்டா ஸ்கூல் நர்சுங்க சும்மாதான இருப்பாங்க, அதுல 30 பேரைக் கேட்டு வாங்கினாங்க. இத்தாலிக்காரங்க அதிகம் இருந்த ஒரு பகுதி. பிறப்புப் பதிவு ஆபீஸ்ல இருந்து தினமும் பேரும் விலாசமும் வரும், மறுநாளே நர்ஸ் அந்த வீட்டு வாசல்ல. சொன்னது என்னங்க, ராக்கெட் ரகசியமா? தாய்ப்பாலை நிறுத்தாத. தினமும் குளிப்பாட்டு. கோடைல கம்பளி சுத்தாத, மெல்லிசுத் துணி போடு. ஜன்னலைத் திற. காத்தாட வெளிய கொண்டு போ. அந்தக் கோடைல அந்தப் பகுதில முந்தின கோடையவிட 1,200 சாவு குறைவு. அந்த ஆகஸ்ட்லயே குழந்தை நலத்துக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிச்சு அவங்களையே தலைமையா போட்டாங்க. அரசாங்கக் காசுல நடந்த அந்த மாதிரி முதல் அமைப்பு அதுதானுங்க.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். அவங்களுக்குக் கீழ வேலை பாக்கப் போட்ட ஆறு ஆம்பளை டாக்டருங்களும் பொம்பளைக்குக் கீழ வேலை செய்ய மாட்டோம்னு ராஜினாமா எழுதிக் குடுத்தாங்க. அந்தம்மா சண்டை போடலைங்க, ஒரு மாசம் இருந்து பாருங்க, பிடிக்கலைன்னா போங்கன்னாங்க. மாசம் முடிஞ்சு ஒருத்தரும் போகல.

தென்காசி_முத்து

எல்லாம் படிச்சேன், நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பக்கத்தையே பேசிட்டு இருக்கோம்னு தோணுது. 1906ல அதே லோயர் ஈஸ்ட் சைடுல என்ன நடந்துச்சுன்னு யாராவது சொல்லணும்லா, நான் சொல்லுதேன்.

மூக்குல சதை வளர்ந்த புள்ளைங்களுக்கு, அதான் அடினாய்டு, ஆபரேசன் பண்ணணும்னு ஸ்கூல் டாக்டருங்க சொல்லி அனுப்பினாங்க. ஆஸ்பத்திரிக்கு யாரும் கூட்டிட்டுப் போகல. சரி, ஸ்கூல்லயே வச்சு அறுத்துருவோம்னு ஜூன் மாசம் டாக்டருங்களைக் கூட்டிட்டு வந்து ஒரு ஸ்கூல்ல கொஞ்சம் புள்ளைங்களுக்குப் பண்ணிட்டாங்க. வீட்டுல கையெழுத்து வாங்கின சீட்டு இருந்துச்சுன்னாங்க, ஆனா அது இங்கிலீஷ்ல. அம்மாமாருக்குத் தெரிஞ்சது யூதங்க பேசுற இத்திஷ் பாஷை. புள்ளை வாயில ரத்தத்தோட வீட்டுக்கு வருது. இதுல இன்னொண்ணையும் சேத்துப் பாக்கணும், அதே மாசம் நடுவுலதான் ரஷ்ய ஆட்சில இருந்த பியாலிஸ்டாக்ல யூதங்களைக் கூட்டங்கூட்டமா கொன்னுருக்காங்க, அந்தச் செய்தி பேப்பர்ல ஓடிட்டு இருக்கு, அங்க உள்ள சொந்தக்காரங்க உசுரோட இருக்காங்களான்னே தெரியாது. அந்த நேரத்துல "ஸ்கூல்ல புள்ளைங்க கழுத்தை அறுக்கிறாங்க"ன்னு ஒரு வதந்தி. ஆயிரக்கணக்குல அம்மாமாரு ஸ்கூல் வாசலுக்கு ஓடி வந்து கதவை இடிச்சு ஜன்னலை உடைச்சு புள்ளைங்களை வெளிய இழுத்துட்டுப் போயிட்டாங்க.

மறுநாள் பேப்பர்ல எல்லாம் படிக்காத பொம்பளைங்க கலாட்டான்னு எழுதுனாங்க. நான் கேக்கேன், அந்த அம்மா இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணிருப்பீக? எனக்குப் புரியாத பாஷைல ஒரு சீட்டைக் குடுத்துட்டு என் புள்ளை தொண்டையில கத்தி வச்சா நானும் கதவை இடிக்கத்தான் செய்வேன். நல்லதுதான் பண்ணினோம்னு சொன்னா ஆச்சா? ஏழைன்னா கேக்கவே வேண்டாமா?

டாக்டர்_இளவேனில்

முத்து, நீங்க சொன்னதை ஒரு டாக்டரா முழுசா ஒத்துக்கிறேன். இன்னும் ஒண்ணு சேக்கறேன், மூக்குச் சதை, டான்சில் ரெண்டையும் அந்தக் காலத்துல அளவுக்கு மீறி அறுத்தாங்க. மந்தமா இருக்கானா, படிப்பு வரலையா, மூக்குச் சதைதான் காரணம்னு சொல்ற அளவுக்குப் போச்சு. இன்னைக்கு நாங்க அவ்ளோ சீக்கிரம் கத்தியைத் தொடறதில்ல, நிறைய குழந்தைங்களுக்கு வயசு ஏற ஏறத் தானா சுருங்கிடும். அதனால அந்த அம்மாங்க பயந்தது மட்டும் இல்ல, ஓரளவுக்கு அவங்க பக்கம் நியாயமும் இருந்துச்சு.

செவ்வந்தி_விஎச்என்

வணக்கம் பிள்ளைகளா. நான் கிராம சுகாதார செவிலியரா 31 வருஷம் சர்வீஸ் போட்டு ரிட்டையர் ஆனவ. நேத்து ராத்திரி இந்த இழைய என் மகன் காட்டினான், முத்து தம்பி எழுதினதைப் படிச்சதும் எனக்கு 2017தான் ஞாபகம் வந்துச்சு.

அந்த பிப்ரவரில தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம், 9 மாசத்துல இருந்து 15 வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும், ஸ்கூல்லயே. வாட்ஸ்அப்ல ஒரு புரளி, இந்த ஊசி போட்டா பிள்ளைக்கு ஆகாதுன்னு. நான் பாத்த ஊர்ல ஒரு ஸ்கூல்ல ஊசி நாளன்னைக்கு பாதி பிள்ளைங்க வரல. வந்த பிள்ளைங்களையும் அம்மாங்க வாசல்ல வந்து நின்னு கூட்டிட்டுப் போறாங்க, ஒருத்தி என் கையைப் பிடிச்சு தள்ளிவிட்டா. நோட்டீஸ் எல்லாம் குடுத்தாச்சு, தமிழ்லதான் இருந்துச்சு, ஆனாலும் யாரும் படிக்கல. தமிழ்ல இருந்தாலும் அது ஆபீஸ் தமிழ் பாருங்க.

அன்னைக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல, வயக்காட்டு வேலை முடிஞ்சு எல்லாரும் வந்தப்புறம், வீடு வீடாப் போனேன். என்னைத் தள்ளிவிட்டவ வீட்டுக்குத்தான் முதல்ல. அவ மூத்த பிள்ளைக்கு பிசிஜி போட்டது நான், ரெண்டாவது பிரசவத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு 108ல கூட ஏறிப் போனது நான். நீ என்னைய நம்புறியா, போன்ல வந்ததை நம்புறியான்னு மட்டும்தான் கேட்டேன். அவ ஒண்ணும் பேசல, வரக்காப்பி போட்டுக் குடுத்தா. மறுநாள் பிள்ளைய அவளே கூட்டிட்டு வந்து ஊசி போட வச்சா, அவ வந்ததைப் பாத்து அந்தத் தெருவே வந்துச்சு.

அதனால 1906ல அங்க தப்பு எங்கன்னு எனக்குத் தெரியுது. ஆபரேசன் பண்ணின டாக்டருங்க அந்த வீடுங்களுக்கு அதுக்கு முன்னாடி ஒரு தடவை கூடப் போனதில்ல. லினா ரோஜர்ஸ் அம்மா போன வீட்டுல யாரும் அவங்களை அடிச்சு விரட்டுனதா இருக்கா? இருக்காதுன்னுதான் நினைக்கேன்.

வைகைக்கரையான்

செவ்வந்தி அக்கா, கண்ணு கலங்கிருச்சு. நீங்க இந்த இழைக்கு வந்தது எங்க பாக்கியம்.

தென்காசி_முத்து

அக்கா சொன்னதை ஏத்துக்கிடுதேன். ஆனா இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கு. குளிப்பாட்டு, ஜன்னலைத் திற, காத்தாட வைன்னு அம்மாவுக்குப் பாடம் எடுத்தாச்சு. மீனா சொன்ன வீட்டுல படுக்கிற ரூமுக்கு வெளிப்பக்கம் ஜன்னலே இல்லியே, எதைத் திறக்க? தண்ணி கீழ இருந்து நாலு மாடி தூக்கிட்டு வரணும்னா எத்தனை தடவை குளிப்பாட்டுவா? வறுமையைத் தொடாம அம்மாவுக்கு அறிவு பத்தலைன்னு சொல்றது என்ன நியாயம்?

டாக்டர்_இளவேனில்

இந்தக் கேள்விய அந்தக் காலத்துலயே ஒரு கூட்டம் கேட்டிருக்கு முத்து. 1912ல அமெரிக்க அரசாங்கம் சில்ட்ரன்ஸ் பீரோன்னு ஒரு அலுவலகம் ஆரம்பிச்சது, ஜூலியா லாத்ரப்னு ஒரு அம்மா தலைமைல. அவங்க முதல் பெரிய வேலையே பென்சில்வேனியால ஜான்ஸ்டவுன்ங்கிற இரும்பாலை ஊர்ல வீடு வீடாப் போய் ஒரு வருஷத்துல பிறந்த குழந்தைங்க என்ன ஆச்சுன்னு கணக்கெடுத்தது. என்ன தெரிஞ்சுதுன்னா அப்பாவோட சம்பளம் ஏற ஏறக் குழந்தைச் சாவு இறங்குது. அவ்ளோ நேரான கணக்கு. அதனால நீங்க சொல்றது சரி.

ஆனா நர்ஸ் செஞ்சது வீண் இல்லங்கிறதுக்கும் காரணம் இருக்கு, அது பால். அன்னைக்கு ஏழைங்க வாங்கினது சில்லறைப் பால். பண்ணைல கறந்து, ரயில்ல வந்து, மளிகைக் கடைல திறந்த கேன்ல நிக்கும், கடைக்காரர் அகப்பைய விட்டு மொண்டு ஊத்துவார், ஈ மொய்க்கும், ஐஸ் கிடையாது. கோடைல அது பால் இல்ல, விஷம். நேத்தன் ஸ்ட்ராஸ்னு ஒரு பெரிய கடை முதலாளி 1893ல கிழக்கு 3வது தெரு படகுத்துறைல சூடுபடுத்தின பாலை ரொம்ப மலிவா விக்க ஆரம்பிச்சார். ராண்டல்ஸ் தீவுல அனாதைக் குழந்தைங்க இருந்த விடுதிக்கு அந்தப் பாலைக் குடுத்தப்ப, நூத்துக்கு 40க்கு மேல இருந்த சாவு ஏறக்குறைய 20க்கு இறங்குச்சு, வேற எதையும் மாத்தாமலே. 1911ல இருந்து நகராட்சியே காசு போட்டுப் பால் நிலையங்கள் நடத்துனாங்க. வெறும் பால் விக்கிற இடம் இல்ல அது. குழந்தைய எடை போடுவாங்க, டாக்டர் பாப்பார், நர்ஸ் அடுத்த நாள் வீட்டுக்குப் போவாங்க. பால் வாங்கங்கிற சாக்குல அம்மா வருவா, வந்த இடத்துல குழந்தைக்கு மத்ததும் நடக்கும். அதுதான் நிஜமான குழந்தைகள் கிளினிக். பிரான்சுல ஃபேகாம்ங்கிற ஊர்ல 1894லயே "பால் துளி"ன்னு பேர் வச்சு இதே மாதிரி நடத்திட்டு இருந்தாங்க.

இன்னொண்ணு மறந்துடக் கூடாது. அன்னைக்கு ஓஆர்எஸ் கிடையாது. சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணி காலராவுல இருந்தே காப்பாத்தும்னு திலீப் மஹலனாபிஸ்னு ஒரு டாக்டர் மேற்கு வங்காளத்துல பங்காவ் அகதிகள் முகாம்ல காட்டினது 1971ல. பேக்கர் காலத்துல கைக்குழந்தைக்கு கடுமையான வயித்துப்போக்குன்னா டாக்டர் கையில பெருசா ஒண்ணும் இல்ல. அதனாலதான் வராம தடுக்கிறதைத் தவிர வேற வழியே இல்லாம இருந்துச்சு.

டீச்சர்_கௌசல்யா

டாக்டருங்க எதிர்த்த கதைய விட்டுப்போட்டீங்களே. குழந்தைங்களுக்கு நோவு வராததால எங்க பொழப்பு கெடுது, இந்தப் பிரிவை மூடுங்கன்னு புரூக்ளின் டாக்டருங்க 30 பேருக்கு மேல மேயருக்கு மனு குடுத்தாங்களாமுங்க! பேக்கரம்மா அதைத் தனக்குக் கிடைச்ச பாராட்டாவே எடுத்துக்கிட்டாங்க. எனக்கு அதைப் படிக்கறப்ப வயிறு எரிஞ்சுச்சு. குழந்தை நல்லா இருக்குதுன்னு வருத்தப்பட்டு ஒருத்தன் கையெழுத்துப் போட்டிருக்கானே.

பிறந்த குழந்தைக்குக் கண்ணு போறதையும் அவங்க தடுத்தாங்க. அம்மாவுக்கு இருக்கற மேகவெட்டை பிரசவத்துல குழந்தை கண்ணுல ஏறிப் பார்வை போயிரும். அதுக்கு சில்வர் நைட்ரேட் சொட்டு விடோணும். ஆனா பாட்டில்ல வச்சா நாள்பட நாள்பட தண்ணி வத்தி மருந்து கடுப்பாகி கண்ணையே பொசுக்கும். பேக்கரம்மா தேன்மெழுகுல சின்னக் குப்பி பண்ணினாங்க, ஒரு கண்ணுக்கு ஒரு குப்பி, சரியான அளவு உள்ள. மருத்துவச்சி இடுப்புல முடிஞ்சு வச்சுக்கிட்டு எங்க வேணாலும் போலாம். மருத்துவச்சிங்களை ஒழிச்சுக் கட்டணும்னு நிறைய டாக்டருங்க குதிச்சப்ப, இல்ல, பயிற்சி குடுத்து லைசென்ஸ் குடுக்கலாம்னு நின்னதும் அவங்கதானுங்க.

செவ்வந்தி_விஎச்என்

மருத்துவச்சிய பகைச்சுக்கிட்டா ஊருக்குள்ள நுழைய முடியாதும்மா கௌசல்யா. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்க சப் சென்டர் ஊர்ல ஒரு பாட்டி இருந்தாங்க, பிரசவம் எல்லாம் அவங்கதான், பிள்ளைக்கு மாந்தம்னா, உரம் விழுந்துச்சுன்னா, தொக்கம் எடுக்கணும்னா எல்லாத்துக்கும் அவங்கதான். முதல் ஆறு மாசம் என்னை ஒரு வீட்டுலயும் உக்காரச் சொல்லல. அப்புறம் அந்தப் பாட்டி வீட்டுக்குத் தினமும் போய் உக்காந்தேன். அவங்களுக்கே கண்ணுல புரை, ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தேன். அதுக்கப்புறம் பாட்டியே வீட்டு வீட்டுக்கு "நர்சம்மாவைக் கூப்பிடுங்கடி"ன்னு சொல்லும். தொப்புள்ல சாம்பல் வைக்கிறதை நிறுத்தினது நான் இல்ல, அந்தப் பாட்டிதான்.

பாலாறு_வேலன்

வேலூர்ல இருந்து ஒரு சின்னத் தகவல். ராணிப்பேட்டைல பிறந்த ஐடா ஸ்கடர் அம்மா நியூயார்க்ல கார்னெல் மெடிக்கல் காலேஜ்ல படிச்சு முடிச்சது 1899ல, அதாவது பேக்கர் படிச்சு முடிச்ச அடுத்த வருஷம், அதே ஊர்ல. 1900ல வேலூர் வந்துட்டாங்க. அவங்களும் ஆஸ்பத்திரில உக்காந்து இருக்கல, வண்டில மருந்தை ஏத்திட்டு ரோட்டோரமா மரத்தடிக்கு மரத்தடி நின்னு வைத்தியம் பாத்தாங்க, சொறி, கண்ணு நோய், புண்ணுன்னு அம்மாங்க புள்ளைங்களைத் தூக்கிட்டு ரோட்டுல காத்துட்டு இருப்பாங்கன்னு எங்க பாட்டி சொல்லும். அவங்களை அப்பவே எங்க ஊர்ல நம்புனதுக்கும் செவ்வந்தி அம்மா சொல்ற காரணம்தான்னு நினைக்கிறேன்.

ஜெர்சி_மீனா

பேக்கர் ஆரம்பிச்ச "லிட்டில் மதர்ஸ் லீக்" பத்தி யாரும் பேசல. 12 வயசு தாண்டின ஸ்கூல் பொண்ணுங்களுக்குக் குழந்தை வளக்கச் சொல்லிக் குடுக்கிறது, குளிப்பாட்ட, பால் பாட்டில் கழுவ, துணி மாத்த. ஏன்னா அம்மா வேலைக்குப் போயிடுவா, தம்பி தங்கச்சிய இடுப்புல வச்சுட்டு இருக்கிறது இந்தப் பொண்ணுங்கதான். அதுங்களுக்கு இங்கிலீஷ் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது, அதனால கத்துக்கிட்டதை வீட்டுல போய் அம்மாவுக்கும் சொல்லும். எனக்கு இதுல ரெண்டு மனசு. புத்திசாலித்தனம்தான், குழந்தைங்க பொழைச்சுச்சுங்க. ஆனா அந்தப் பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு யாரு குழந்தைப் பருவம் குடுத்தா? எங்கம்மா எட்டாவதோட நின்னது அவங்க தம்பிய தூக்கி வச்சுக்கத்தான். அவங்க அதைப் பத்திப் பேசறப்ப இன்னைக்கும் குரல் மாறும்.

டீச்சர்_கௌசல்யா

மீனா, உங்கம்மா மாதிரி எத்தனை பேரை நான் கிளாஸ்ல பாத்திருக்கேன். நீங்க சொன்னது வலிக்குதுங்க. பேக்கரம்மா இல்லாத நிலைமைய உண்டாக்கல, இருந்த நிலைமைல அந்தப் பொண்ணு கையில இருந்த குழந்தை சாகாம பாத்தாங்க, அவ்ளோதான் சொல்ல முடியும். அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கு வர்றதாவது அதனால நிக்கலை.

தென்காசி_முத்து

பேக்கர் 1923ல ரிட்டையர் ஆனப்ப நியூயார்க்ல குழந்தைச் சாவு விகிதம் அவங்க ஆரம்பிச்சப்ப இருந்ததுல பாதியா குறைஞ்சிருந்துச்சுன்னு படிச்சேன், இப்பதான். அதுல பால் எவ்ளோ, சம்பளம் எவ்ளோ, நர்ஸ் எவ்ளோன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா 1921ல அதே வேலைய நாடு பூராவும் செய்யச் சட்டம் போட்டு காசு ஒதுக்குனாங்க, ஷெப்பர்ட் டவுனர் சட்டம். அமெரிக்க டாக்டர்கள் சங்கம் எதிர்த்து எதிர்த்து 1929ல அதை நிறுத்த வச்சிருச்சு. எனக்கு அந்த 1906 அம்மாமாரு மேல இல்லாத கோபம் இவங்க மேல வருது.

வைகைக்கரையான்

செவ்வந்தி அக்கா, ஒரே ஒரு கேள்வி. புதுசா குழந்தை பிறந்த வீட்டுக்கு முதல் தடவை போறப்ப என்ன பண்ணுவீங்க? பேக்கரோட நர்சுங்க மறுநாளே போனாங்கன்னு படிச்சப்ப அந்த வாசப்படி சீனை நினைச்சுட்டே இருந்தேன்.

செவ்வந்தி_விஎச்என்

செருப்பை வெளிய விட்டுட்டு, கையைக் காலைக் கழுவிட்டுத்தான் உள்ள போவேன், அவங்க பாக்குற மாதிரி கழுவுவேன். கையைக் கழுவுங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல பாருங்க. முதல்ல மாமியார்கிட்ட பேசணும், மருமககிட்ட போயிடக்கூடாது, போனா மாமியாருக்குக் கோவம் வந்துரும், அப்புறம் நாம சொல்றது எதுவும் நடக்காது. பிள்ளை யாரு ஜாடைன்னு கேக்கணும். அவங்க சொல்லிட்டு இருக்கும்போதே கண்ணு வீட்டைச் சுத்தும், பக்கத்துல சர்க்கரைத் தண்ணிக் கிண்ணம் இருக்கா, பால் பாட்டில் இருக்கா, தொப்புள்ல என்ன வச்சிருக்காங்க, பிள்ளை மேல எத்தனை துணி. சேனை வச்சிருந்தா திட்ட மாட்டேன். "வச்சாச்சா, சரி, இனிமே பால் மட்டும் போதும் ஆறு மாசத்துக்கு, தண்ணி கூட வேண்டாம்"னு மாமியார் கையைப் பிடிச்சுட்டு சொல்லுவேன். எடை மிஷின்ல பிள்ளைய வைக்கிறப்ப மாமியாரையே முள்ளைப் பாக்கச் சொல்லுவேன். அடுத்த வாரம் போறப்ப அவங்களே எடுத்துட்டு வந்து வைப்பாங்க, எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்க.

உம் பொண்ணுக்கு கண்ணு எப்படி இருக்கு?

வைகைக்கரையான்

செவப்பு போயிருச்சுக்கா, திங்கக்கிழமை ஸ்கூலுக்கு அனுப்புறேன். பக்கத்து வீட்டுப் பையனுக்கு இன்னைக்கு காலைல வந்திருக்கு. அவங்க வீட்டுக்கு இப்பதான் போய் துண்டைத் தனியா வைக்கச் சொல்லிட்டு, சொட்டு மருந்து எப்படி விடணும்னு காட்டிட்டு வந்தேன்.